"யார் பார்த்துக்கொண்டிருந்தது?" – கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல

வீட்டிலும் வாகனத்திலும் பிள்ளைகளுக்கு நேரும் காயங்களைத் தடுப்பது பற்றி நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலின் கட்டுரை வடிவம்

மற்றவர்களிடம் கேள்வி கேட்பதுதான் என் தொழில். இந்த வாரக் கலந்துரையாடலை மட்டும் என் வீட்டில் நடந்த ஒரு சம்பவத்தோடு தொடங்கினேன். அதைச் சொல்லாமல் மற்ற பெற்றோருக்கு அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி நாள். அக்கா வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. வீடு நிறைய உறவினர். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. சாப்பாட்டு மேசையில் புதிய விரிப்பு போட்டிருந்தார்கள். அதன் ஓரம் அழகாகக் கீழே தொங்கியது. மேசையின் மேல் அப்போதுதான் கலக்கிய தேநீர் ஒரு பெரிய ஜக் நிறைய இருந்தது. பிள்ளை எழுந்து நிற்க எதையாவது பிடிக்க வேண்டுமல்லவா? விரிப்பைப் பிடித்தாள். அவ்வளவுதான். இடது கையும் நெஞ்சும் வெந்துவிட்டன.

என் அம்மா பற்பசையோடு ஓடி வந்தார். இன்னொருவர் கிச்சாப் போத்தலைத் தேடினார். நல்ல வேளையாகப் பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தாதி ஒருவர் இருந்தார். எல்லாரையும் விலக்கிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாய்த் தண்ணீரில் பிடித்தார். "இருபது நிமிஷம். அதுவரைக்கும் யாரும் இவளை என்கிட்ட இருந்து வாங்கக்கூடாது" என்றார். பிறகுதான் மருத்துவமனை. மகள் ஒரு வாரம் அங்கே இருந்தாள். இன்று ஓடி ஆடுகிறாள். கையில் தழும்பு மட்டும் இருக்கிறது.

அந்த ஒரு வாரமும் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "யார் பார்த்துக்கொண்டிருந்தது?" அதையும் என் மனைவியிடம்தான் கேட்டார்கள். மேசையில் இருந்து இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்த விரிப்பு ஏன் அங்கே இருந்தது, சுடுதேநீர் ஏன் மேசை ஓரத்தில் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்லித்தான் நிகழ்ச்சிக்கு வந்திருந்த மூவரிடமும் பேசத் தொடங்கினேன். அரசாங்க மருத்துவமனையின் குழந்தை நல மருத்துவர் ஒருவர், தீயணைப்பு மீட்புத் துறை அதிகாரி ஒருவர், இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பராமரித்து வரும் தஸ்கா ஆசிரியை ஒருவர். அரங்கில் நாற்பது பெற்றோர், தாத்தா பாட்டிகள்.

விதியா, விபத்தா?

மருத்துவர் முதலில் எடுத்துக்கொண்டது 'விபத்து' என்ற சொல்லை. விபத்து என்றதும் நாம் விதியை நினைக்கிறோம். "நேரம் சரியில்லை", "கண் பட்டுவிட்டது" என்கிறோம். ஆனால் பிள்ளைகளுக்கு நேரும் காயங்கள் அப்படித் திடீரென்று வானத்தில் இருந்து விழுபவை அல்ல. ஒன்றரை வயதுப் பிள்ளை எதையும் பிடித்து இழுக்கும். மூன்று வயதுப் பிள்ளை ஏறும். ஐந்து வயதுப் பிள்ளை பந்தைத் துரத்திச் சாலைக்கு ஓடும். இவை முன்கூட்டியே தெரிந்தவை. தெரிந்த ஒன்றைத் தடுக்கவும் முடியும். இதே காரணத்துக்காகத்தான் பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், காயங்களைப் பற்றி எழுதும்போது 'விபத்து' என்ற சொல்லைத் தவிர்ப்பதென்று 2001-ல் முடிவு செய்தது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2008-ல் பிள்ளைகளின் காயங்கள் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. தற்செயல் காயங்களால் உலகில் நாள்தோறும் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறக்கிறார்கள் என்றது அந்த அறிக்கை. ஏற்கெனவே பலன் தந்த தடுப்பு முறைகளை எல்லா நாடுகளும் பின்பற்றினால் அவர்களில் குறைந்தது 1,000 பேரையாவது காப்பாற்ற முடியும் என்றும் சொன்னது. புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ இதற்குத் தேவையில்லை. சன்னல் கம்பி, தலைக்கவசம், பிள்ளைக்கான இருக்கை, நீச்சல் குளத்துக்கு வேலி, மருந்துப் போத்தலுக்குப் பிள்ளைகள் திறக்க முடியாத மூடி. இவைதாம் அந்த முறைகள்.

அப்படியானால் பெற்றோரின் கவனம் வேண்டாமா என்று அரங்கில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. கவனம் கட்டாயம் வேண்டும். ஆனால் மனிதக் கவனம் களைத்துப் போகும். தொலைபேசி ஒலிக்கும், அடுப்பில் பால் பொங்கும், இன்னொரு பிள்ளை அழும். சன்னல் கம்பிக்குக் களைப்பில்லை. எனவே கவனம் தவறும் அந்த ஐந்து விநாடியிலும் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதபடி வீட்டை அமைத்து வைப்பதே உண்மையான பாதுகாப்பு என்றார் மருத்துவர். அன்றைய இரண்டு மணி நேரப் பேச்சின் சாரமும் அதுதான்.

சுடுநீரும் சமையலறையும்

சிறு பிள்ளையின் தோல் பெரியவர்களின் தோலைவிட மெல்லியது. 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள தண்ணீர் ஒரு சில விநாடிகளில் அதை ஆழமாக வேக வைத்துவிடும். கொதிநீரில் கலக்கிய பானம், கலக்கிக் கால் மணி நேரம் ஆன பிறகும் குழந்தையைச் சுடக்கூடும். நமக்கு அது 'ஆறிப்போன' தேநீர்தான். பிள்ளைக்கு அப்படியல்ல.

செய்ய வேண்டியவை எளியவை. சிறு பிள்ளை இருக்கும் வீட்டில் மேசை விரிப்பு வேண்டாம். சுடு பானங்களை மேசையின் நடுவில் வையுங்கள். ஒரு கையில் பிள்ளை, மறு கையில் தேநீர்க் கோப்பை என்று நடக்க வேண்டாம். வாணலி, சட்டிகளின் கைப்பிடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். தண்ணீர் சூடாக்கும் மின் கெண்டியின் வயர் மேடைக்குக் கீழே தொங்கக்கூடாது. குளிப்பாட்டும் வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுநீர். வரிசை மாறினால் வெறும் சுடுநீர் நிற்கும் அந்த இடைவெளியில் பிள்ளை கையை விட்டுவிடும்.

பண்டிகைக் காலத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தரையில் ஏற்றி வைத்த குத்துவிளக்கு, அகல்விளக்குகளின் அருகே பெண் பிள்ளைகள் அகலமான பாவாடையோடு ஓடுகிறார்கள். நைலான், பாலியெஸ்டர் துணி எரியும்போது உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விளக்கைப் பிள்ளையின் இடுப்புக்கு மேலான உயரத்தில் வைத்தால் அழகும் குறையாது, ஆபத்தும் குறையும்.

வெந்துவிட்டால் என்ன செய்வது? ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். உடனே செய்வது மிக நல்லது. தாமதமாகிவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. தோலில் ஒட்டாத உடையையும், வளையல், அரைஞாண் போன்றவற்றையும் கழற்றுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். பற்பசை, கிச்சாப், மஞ்சள், வெண்ணெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். இவை சூட்டை உள்ளேயே அடைத்து வைக்கும், அல்லது தோலை மேலும் கெடுக்கும். மருத்துவர் முதலில் அவற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். அந்த வேதனையும் பிள்ளைக்குத்தான்.

ஒன்பதாவது மாடியில் ஒரு தாய்

நிகழ்ச்சியின் நடுவில் பின்வரிசையில் இருந்து ஒரு பெண்மணி எழுந்தார். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கணவர் இல்லை. மலிவு விலை அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி, வாடகை வீடு. மூத்த மகனுக்குப் பத்து வயது, இளையவளுக்கு நான்கு.

"பிள்ளையைப் பத்திரமா பார்த்துக்கோங்கன்னு எல்லாரும் சொல்றீங்க சார். நான் பார்த்துக்கிட்டே இருந்தா சோறு யார் போடறது? ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து படுத்தா கண்ணு தானா மூடிக்குது. அந்த நேரத்துல சன்னல் பக்கத்துல கட்டில் கிடக்குது. எனக்குத் தூக்கத்துலயும் அதே பயந்தான்."

அரங்கு அமைதியானது. பதில் சொன்னவர் தீயணைப்பு அதிகாரி. முதலில், இன்று வீட்டுக்குப் போனதும் அந்தக் கட்டிலைச் சன்னலை விட்டு நகர்த்துங்கள் என்றார். அதற்குக் காசு வேண்டாம். பால்கனியில் நாற்காலி, பெட்டி, பூந்தொட்டி, பழைய சலவை இயந்திரம் என்று ஏறுவதற்கு வசதியான எதுவும் இருக்கக்கூடாது. கொசு வலையை நம்ப வேண்டாம். அது கொசுவைத் தடுக்கும், பிள்ளையின் எடையைத் தாங்காது. சன்னல் 10 சென்டிமீட்டருக்கு மேல் திறக்காதபடி தடுப்பு பொருத்தலாம். அல்லது கம்பி போடலாம். கம்பிகளுக்கு இடையிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது.

கம்பி என்றதும் அவர் ஓர் எச்சரிக்கையும் தந்தார். நம் நாட்டில் திருடனுக்குப் பயந்து வீடு முழுக்கக் கம்பி போட்டுப் பூட்டிவிடுகிறோம். தீப்பிடித்தால் அதுவே உள்ளே இருப்பவர்களுக்குச் சிறையாகிவிடும். ஆகவே குறைந்தது ஒரு கம்பிக் கதவாவது உள்ளிருந்து திறக்கும்படி இருக்க வேண்டும். அதன் சாவி பெரியவர்களுக்கு எட்டும் உயரத்தில், எப்போதும் ஒரே இடத்தில், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் தொங்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு எட்டக்கூடாது, பத்து வயது மகனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

வாடகை வீட்டில் கம்பி போட வேண்டியது யார்? இந்தக் கேள்விக்கு நியூயார்க் நகரம் ஒரு விடை கண்டது. அடுக்குமாடி சன்னல்களில் இருந்து பிள்ளைகள் விழுந்து இறப்பதைப் பார்த்த அந்நகரச் சுகாதாரத் துறை, 1972-ல் 'பிள்ளைகளால் பறக்க முடியாது' என்ற பெயரில் ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. தாதியர் வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசினார்கள். சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்குச் சன்னல் தடுப்புகளை இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு 1976-ல், 10 வயதும் அதற்குக் குறைவான வயதும் உள்ள பிள்ளைகள் குடியிருக்கும் வீடுகளில் கட்டட உரிமையாளரே தடுப்பு பொருத்த வேண்டும் என்று நகரம் விதி செய்தது. சன்னல் வழி விழும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. நியூயார்க்கின் தாய்மார்கள் திடீரென்று அதிகக் கவனசாலிகள் ஆகிவிடவில்லை. சன்னல்தான் மாறியது.

அந்தப் பெண்மணியின் கேள்விக்குள் இருந்த உண்மையும் இதுதான். பார்த்துக்கொள்ள நேரம் குறைவாக இருப்பவர்களுக்குத்தான் பாதுகாப்பான வீடு அதிகம் தேவை. ஆனால் அவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை. வீட்டு உரிமையாளர்களே, அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தினரே, இதை வாசித்தால் யோசியுங்கள். கோயில் திருவிழாவுக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் பணம் திரட்டும் நம் இயக்கங்கள், ஓர் ஆண்டு ஒரே ஒரு புளோக்கின் சன்னல்களை எடுத்துக்கொள்ளலாமே!

வாகனத்தில்

அடுத்து கார் பற்றிப் பேச்சு வந்தது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமரும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. "நான் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்" என்று தாய் நம்புகிறார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி நின்றால், 10 கிலோ எடையுள்ள பிள்ளை தன் எடையைப் போல் இருபது, முப்பது மடங்கு விசையோடு முன்னால் பாயும். அந்த 200, 300 கிலோவை எந்தத் தாயின் கையும் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் குறைவு என்பதல்ல, இது கணக்கு.

நம் நாட்டில் பின் இருக்கைப் பயணிகளும் இருக்கைவார் அணிய வேண்டும் என்ற விதி 2009 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. தனியார் வாகனங்களில் பிள்ளைகளுக்கான பாதுகாப்பு இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். பிள்ளை சுமார் 135 சென்டிமீட்டர் உயரத்தை எட்டும்வரை அதற்கேற்ற இருக்கை வேண்டும். கைக்குழந்தையின் இருக்கை பின்புறம் பார்த்திருக்க வேண்டும். காற்றுப்பை உள்ள முன் இருக்கையில் அதை ஒருபோதும் அப்படி வைக்கக்கூடாது. இருக்கை வாங்கியும், "அழுகிறான்" என்று தூக்கி மடியில் வைத்துக்கொண்டால் வாங்கியதில் பயனில்லை.

மோட்டார் சைக்கிளில் தலைக்கவசம் 1973 முதல் சட்டம். ஆனாலும் மாலை நேரங்களில் தாமான் சாலைகளைப் பாருங்கள். அப்பா தலையில் கவசம் இருக்கும். முன்னால் நிற்கும் மகன் தலையில் ஒன்றும் இருக்காது. "பக்கத்துக் கடைதானே!" என்பார். பெரியவர்களின் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டுவதும் பாதுகாப்பல்ல. தலைக்குப் பொருந்தாத கவசம் விழும்போது கழன்றுவிடும்.

தரை வீடுகளில் காரைப் பின்னால் எடுப்பதும் ஓர் ஆபத்தே. கார் எடுக்கும் சத்தம் கேட்டதும் 'டாட்டா' காட்டப் பிள்ளை வெளியே ஓடி வரும். பின்னால் நிற்கும் இரண்டு வயதுப் பிள்ளை கண்ணாடியில் தெரியாது. சாவியைத் திருப்பும் முன் பிள்ளை யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். வாசலுக்கும் காருக்கும் இடையில் ஒரு சின்னத் தடுப்புக் கதவு இருந்தால் இன்னும் நல்லது.

காருக்குள் மறந்துவிடப்பட்ட பிள்ளை பற்றி மருத்துவர் பேசியபோது பலர் தலை குனிந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் நம் பத்திரிகைகளில் அத்தகைய செய்திகள் வந்திருக்கின்றன. படித்ததும் "இப்படியும் ஒரு பெற்றோரா?" என்கிறோம். ஆனால் இது அன்பில்லாதவர்களுக்கு மட்டும் நடப்பதன்று. அமெரிக்காவின் தென் புளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் டயமண்ட் என்ற அறிவியலாளர் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். நம் மூளை பழக்கமான வேலையைத் தானாகவே செய்துகொண்டு போகும். தினமும் நேராக வேலைக்குப் போகும் அப்பா, ஒரு நாள் மட்டும் பிள்ளையைத் தஸ்காவில் விட வேண்டியிருக்கிறது. பிள்ளை பின்னால் தூங்கிவிடுகிறது. மனத்தில் வேறு கவலை. கை தானாகவே வேலைக்குப் போகும் பாதையில் திருப்புகிறது. பிள்ளையை விட்டாயிற்று என்றே மூளை நம்பிவிடுகிறது.

மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய 10 டிகிரி வெப்பம் ஏறும். நம் ஊரின் 32, 33 டிகிரி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் 50 டிகிரியைத் தாண்டிவிடும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை. பிள்ளையின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று கடைக்குள் போவதும் இதே ஆபத்துதான். அது சட்டப்படியும் குற்றமாகலாம். 2001-ஆம் ஆண்டுப் பிள்ளைகள் சட்டத்தின் 33-ஆம் பிரிவு, தக்க கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வதைக் குற்றமாக்குகிறது. தண்டனை 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

இதற்கும் வழி உண்டு. கைப்பை, அலுவலக அட்டை, இடது கால் காலணி என்று இல்லாமல் முடியாத ஏதாவது ஒன்றைப் பிள்ளையின் அருகே பின் இருக்கையில் வையுங்கள். இறங்கும்போது பின் கதவைத் திறந்தே ஆக வேண்டும். தஸ்கா ஆசிரியை இன்னொன்று சொன்னார். அவருடைய தஸ்காவில், சொல்லாமல் பிள்ளை வரவில்லை என்றால் கால் மணி நேரத்துக்குள் தாய், தந்தை இருவரையும் அழைத்துவிடுவார்களாம். முதலில் சில பெற்றோர் தொல்லை என்று சலித்துக்கொண்டார்களாம். இப்போது யாரும் சலிப்பதில்லை. உங்கள் பிள்ளையின் தஸ்காவிலும் இதைக் கேட்டு வாங்குங்கள். பைசா செலவில்லாத பாதுகாப்பு இது.

ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர்

தண்ணீரில் மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவதைப் போல் கை தட்டிக் கூச்சலிடாது. சத்தமே கேட்காது. தவழும் பிள்ளைக்கு உடலை ஒப்பிடத் தலை கனம் அதிகம். வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக வெளியே வர முடியாது. 5 சென்டிமீட்டர் தண்ணீரே போதும். நீர்த்தடைக்குப் பயந்து குளியலறையில் வாளி வாளியாகப் பிடித்து வைக்கிறோம். அவற்றுக்கு மூடி போடுங்கள். குளியலறைக் கதவைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழிடுங்கள். குளிப்பாட்டும்போது தொலைபேசி ஒலித்தால், ஒலிக்கட்டும். போயே ஆக வேண்டுமென்றால் பிள்ளையையும் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போங்கள். ஆறு வயது அக்காவை "தம்பியைப் பார்த்துக்கோ" என்று விட்டுச் செல்லாதீர்கள். அது அவள் சுமக்கக்கூடிய பொறுப்பல்ல.

வளர்ந்த பையன்களுக்கு ஆபத்து வீட்டுக்கு வெளியே. பேராக்கிலும் சிலாங்கூரிலும் கைவிடப்பட்ட பழைய ஈயச் சுரங்கக் குட்டைகள் நிறைய உண்டு. மேலே பார்க்க அமைதியாக இருக்கும். கரையில் இருந்து ஓரிரு அடியிலேயே திடீரென்று ஆழமாகிவிடும். மழைக் காலக் கால்வாய்களில் நீர் நிமிடங்களில் ஏறும். பள்ளி விடுமுறையில் நண்பர்களோடு போகும் பையனிடம் "போகாதே" என்று மட்டும் சொன்னால் போதாது. ஏன் என்று சொல்லுங்கள். நண்பன் தண்ணீரில் தவித்தால் குதிக்கக்கூடாது, கயிறு, கம்பு, காலிப் போத்தல் எதையாவது எறிந்துவிட்டு 999-ஐ அழைக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள். காப்பாற்றக் குதித்தவனும் சேர்ந்து மூழ்கிய குடும்பங்களைத் தாம் பார்த்திருப்பதாக அதிகாரி சொன்னபோது அவர் குரல் தாழ்ந்துவிட்டது.

போத்தலில் இருப்பது என்ன?

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். களைக்கொல்லி மருந்தைக் காலிப் பான போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பார்கள். பேராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லிக்கு நம் நாடு 2020 ஜனவரி 1 முதல் தடை போட்டுவிட்டது. ஆனால் காலிப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கத்துக்குத் தடை போட நாம்தான் வேண்டும். குளோரோக்ஸ், தின்னர், மண்ணெண்ணெய், தரை கழுவும் மருந்து எதுவாக இருந்தாலும் அதனதன் போத்தலிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். பாட்டியின் இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் பிள்ளை கண்ணுக்கு மிட்டாய்தான். மருந்து கொடுக்கும்போது நாமே "மிட்டாய்" என்று சொல்லிப் பழக்கவும் வேண்டாம்.

பிள்ளை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். அரிக்கும் திரவம் திரும்பி வரும்போது தொண்டையை இரண்டாவது முறை பொசுக்கும். போத்தலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. பிள்ளை மயங்கினாலோ மூச்சு விடத் திணறினாலோ 999.

இன்றைய வீடுகளில் புதிதாக வந்துள்ள ஆபத்து, நாணயம் போன்ற பட்டன் பேட்டரி. ரிமோட், பொம்மை, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எடை பார்க்கும் கருவி எல்லாவற்றிலும் இருக்கிறது. பிள்ளை விழுங்கி அது உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். "மலத்தில் வெளியே வந்துவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பேட்டரி மூடி திருகாணியால் மூடப்படாத பொம்மைகளை வாங்காதீர்கள்.

ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கச்சான், முழுத் திராட்சை, கொட்டையோடு ரம்புத்தான், லொங்கான் கொடுக்க வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். ஓடிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருக்கும் பிள்ளையின் வாயில் முறுக்கை ஊட்ட வேண்டாம்.

இன்று இரவே

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் தஸ்கா ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். இன்று இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு, கணவன் மனைவி இருவரும் முட்டி போட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். பிள்ளையின் உயரத்தில் இருந்து பாருங்கள். எது கைக்கு எட்டுகிறது, எதைப் பிடித்து ஏறலாம், எதை இழுத்தால் மேலே விழும் என்று தெரியும். தொலைக்காட்சிப் பெட்டி, புத்தக அலமாரி இரண்டையும் சுவரோடு இணைத்துவிடுங்கள். நான் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஆறு இடங்கள் அகப்பட்டன, வாசகர்களே! ஒரு முறை அடிபட்ட வீட்டில், அதற்குப் பிறகும் ஆறு இடங்கள்.

ஒரு செய்தியைக் கலந்துரையாடலில் சொல்லத் துணியவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன். அந்தத் தீபாவளி நாளில் மருத்துவமனைக்குப் போகும் வழியில், நனைந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்த என் மனைவியிடம், "நீ எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்று முதலில் கேட்டவன் நான்தான். அவள் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி பிள்ளையின் காயத்தை ஆற்றவில்லை. அடுத்த பிள்ளையைக் காப்பாற்றவும் இல்லை. சம்பந்தப்பட்ட விரிப்பு அதற்குப் பிறகும் ஒரு மாதம் அந்த மேசை மேலேயே கிடந்தது. எடுக்க வேண்டும் என்று எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

அடுத்த முறை ஒரு பிள்ளைக்குக் காயம் என்று கேள்விப்பட்டால் தாயைப் பார்க்கும் முன் அந்த இடத்தைப் பாருங்கள். விரிப்பா, கட்டிலா, மூடாத வாளியா, பூட்டாத அலமாரியா என்று பாருங்கள். கண்டுபிடித்ததும் முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு உங்கள் வீட்டில் அது போல் ஒன்று இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

அந்த ஒன்பதாவது மாடித் தாயிடம் இருந்து இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "கட்டிலை நகர்த்திட்டேன் சார். கம்பிக்கு வீட்டுக்காரர்கிட்ட கேட்டிருக்கேன்." அவ்வளவுதான். அந்த வீட்டுக்காரர் இந்தப் பக்கத்தை வாசிப்பவராக இருந்தால், நல்ல பதிலாகச் சொல்லுங்கள் ஐயா.